நற்கருணைப் பணிக்குழு தொடங்குதல்: அனுமதி, மணி அட்டவணை, நோயாளர் நன்மை

மெழுகுதிரி:

மரியே வாழ்க. ஒரே பங்கைச் சேர்ந்த 12 பேர் இருக்கிறோம், எல்லாரும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ இல்லை). நற்கருணையை மையமாக வைத்து ஒரு பணிக்குழு தொடங்க எண்ணம். மனதில் இருப்பவை மூன்று: வாரந்தோறும் ஆராதனை, படுக்கையில் இருப்பவர்களுக்கு நன்மை (நற்கருணை அப்பம்) கொண்டுபோவது, முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வகுப்பு. பங்குத்தந்தையிடம் சொன்னதற்கு “எழுதிக் கொண்டு வாங்க, பார்ப்போம்” என்றார்.

என்ன எழுதுவது? ஆயரிடம் இப்போதே போக வேண்டுமா? பெயரில் ‘கத்தோலிக்க’ என்று சேர்க்கலாமா? மூன்றில் எதை முதலில் எடுப்பது?

கானன்வாசி:

கூடுவதற்கே யாரிடமும் அனுமதி தேவையில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, எண் 215, பக்திக்கும் பிறரன்புக்கும் சபைகளைத் தொடங்கவும் நடத்தவும் விசுவாசிகளுக்கு உரிமை தருகிறது. ஆனால் உரிமை வேறு, அங்கீகாரம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழுக்கள் ஆயரகத்தோடு மல்லுக்கட்டி நிற்கின்றன.

படி மூன்று. முதலாவது, சும்மா கூடி ஜெபிக்கிற குழு. பங்குத்தந்தைக்குத் தெரிந்திருந்தால் போதும். இரண்டாவது, தனியார் சபை. விதிமுறைகளை எழுதி ஆயர் பார்வையிட்ட பிறகுதான் அது திருச்சபையில் அங்கீகாரம் பெற்றதாகும் (எண் 299). சட்ட ஆளுமையும் (சபையே ஒரு தனி நபர்போல உரிமையும் கடமையும் கொள்ளும் நிலை) வேண்டுமென்றால் அதற்கென ஆயரின் ஆணை தேவை (எண் 322). மூன்றாவது, பொதுச் சபை. அதை அதிகாரமுள்ளவரே நிறுவ வேண்டும். மறைமாவட்ட அளவில் அது ஆயர் (எண் 301, 312). திருச்சபையின் பெயரால் போதிப்பதும் பொது வழிபாட்டை வளர்ப்பதும் இந்த மூன்றாவது வகைக்கு உரியவை.

நீங்கள் முதல் படியிலேயே ஓராண்டு இருங்கள். ஒரு மாதம்கூட நடக்காத குழுவுக்கு 20 பக்க விதிமுறையோடு போனால் ஆயரகத்தில் அது கோப்பில் உட்காரும். நடக்கிற குழுவை விவரித்து எழுதும் விதிமுறை வேறு மாதிரி இருக்கும், படிக்கிறவருக்கும் அது தெரியும்.

‘கத்தோலிக்க’ என்ற சொல்லை அனுமதி இல்லாமல் எந்த முயற்சியும் பெயரில் வைத்துக்கொள்ளக்கூடாது (எண் 216, 300). அது வேண்டாம். பங்கின் பெயர், ‘நற்கருணை’, ‘குழு’ மூன்றும் போதும். பாதுகாவலர் வேண்டுமென்றால் புனித பாஸ்கல் பைலோன் இருக்கிறார். 1897இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவரை நற்கருணை மாநாடுகளுக்கும் நற்கருணைச் சபைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

உங்கள் மூன்று பணிகளுக்கும் அனுமதி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆராதனை பங்குத்தந்தையின் பொறுப்பு. நன்மை வழங்குவதற்கு ஆளாளுக்குத் தனித்தனி நியமனம் வேண்டும் (எண் 230, 910). குழு யாரையும் அனுப்ப முடியாது. வகுப்பு, பங்கின் மறைக்கல்வியின் கீழ் வரும். குழுவில் சேர்ந்தாலே நன்மை கொடுக்கலாம் என்ற நினைப்பு யாருக்காவது இருந்தால் முதல் கூட்டத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

இரவுக்காவல்:

எதை முதலில் என்றால் ஆராதனை. சந்தேகமே வேண்டாம். மற்ற இரண்டும் அதிலிருந்து தானாக வளரும், தலைகீழாக வளராது.

12 பேருக்குக் கணக்குப் போடுவோம். ஸ்தாபித்த நற்கருணையை, அதாவது ஆராதனைக்காக எல்லாரும் காண வெளியே வைத்த நற்கருணையை, ஆளில்லாமல் சிறிது நேரம்கூட விடக்கூடாது என்று 2004இல் வந்த ‘ரெதெம்சியோனிஸ் சாக்ரமெந்தும்’ அறிவுரை எண் 138 கண்டிப்பாகச் சொல்கிறது. ஒருவர் மட்டும் இருந்து அவருக்குத் தலைசுற்றினாலோ, கழிப்பறைக்குப் போக நேர்ந்தாலோ விதி உடைகிறது. ஆகவே மணிக்கு இருவர். வாரத்துக்கு 4 மணி நேரம் என்றால் 8 இடம், மீதி 4 பேர் மாற்று ஆள். இதுதான் 12 பேரின் எல்லை. 12 பேரையும் இடத்தில் போட்டு 6 மணி நேரம் நடத்தினால் காய்ச்சல் சீசனில் ஒரே வாரத்தில் அட்டவணை கிழியும்.

‘சுழற்சி முறை’ என்று யாராவது சொல்வார்கள்: இந்த வாரம் நான், அடுத்த வாரம் நீ. ஒத்துக்கொள்ளாதீர்கள். சுழற்சியில் ஒவ்வொரு வாரமும் யாராவது மறப்பார்கள். ‘வியாழன் மாலை 7 மணி என்னுடையது’ என்றால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் வேறு வேலை வைக்கமாட்டார்கள்.

பிற்பாடு ஆசைப்பட்டு 24 மணி நேரத் தொடர் ஆராதனைக்குப் போவதானால்: வாரத்துக்கு 168 மணி, மணிக்கு இருவர், 336 இடம். மாற்று ஆட்கள் தனி. அதற்கு வழக்கமான அமைப்பு இப்படி: நாளை 6 மணி நேரமாக நான்காகப் பிரித்து நான்கு பொறுப்பாளர், அவர்களுக்குக் கீழே 24 மணிப் பொறுப்பாளர். காலை 9 மணிக்காரர் என்றால் வாரத்தின் 7 நாளும் அந்த ஒரு மணிக்கு வருகிற 14 பேரை மட்டும் கவனித்துக்கொள்வார். 14 பேரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும், 336 பேரை முடியாது.

நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை, வாரத்துக்கு 42 மணி. முதலில் அதை நிரப்புங்கள். பகலை முதலில் திறந்துவிட்டால் இரவுக்கு வரக்கூடியவர்களும் பகலில் பெயர் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

பெயர் சேர்க்கும் படிவத்தை ஞாயிறு திருப்பலியில் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்ப வையுங்கள், பேனாவும் நீங்களே கொடுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய படிவம் திரும்பி வராது. விருப்பமான மணி மூன்று கேளுங்கள். ஒன்று மட்டும் கேட்டால் எல்லாரும் மாலை 6 என்றே எழுதுவார்கள்.

கோயில்பிள்ளை:

எல்லாரும் ஆள் கணக்குப் போடுகிறீர்கள். சாமான் கணக்கு யார் போடுவது? சொல்கிறேன்.

கதிர்ப்பாத்திரம், அதாவது நற்கருணையை எல்லாரும் காண வைக்கிற பாத்திரம், கோயிலில் இருக்கும். அதன் நடுவில் வைக்கிற கண்ணாடிச் சிமிழைக் கழற்றி அளந்து பாருங்கள். குருவின் பெரிய அப்பம் சாதாரணமாக 7 செ.மீ. விட்டம். சிமிழ் அதைவிடச் சிறிதாக இருந்தால் அப்பத்தை நெருக்கி வைப்பார்கள். ஓரம் உதிர்ந்து கண்ணாடியில் துணுக்கு ஒட்டும். மிகப் பெரிதாக இருந்தால் அப்பம் உள்ளே சரிந்து சாய்ந்து நிற்கும். அர்ச்சிக்காத அப்பம் ஒன்றை வைத்து முதலில் ஒத்திகை பாருங்கள். ஈரக்காற்றில் அப்பம் வளையும், கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் சிமிழில் இருப்பதை அடிக்கடி மாற்ற வேண்டும். 15 நாளைத் தாண்ட விடாதீர்கள். சிமிழைத் துடைப்பது, துணுக்கு எடுப்பது எல்லாம் குருவோ திருத்தொண்டரோ பார்த்துக்கொள்ளட்டும். குழுவில் ஆர்வக்கோளாறில் யாரும் கைவைக்க வேண்டாம்.

கதிர்ப்பாத்திரத்தில் ஸ்தாபித்தால் மெழுகுதிரி 4 அல்லது 6, தூபமும் உண்டு. மூடிய நற்கருணைப் பாத்திரத்தில் என்றால் குறைந்தது 2 திரி. திருப்பலிக்கு வெளியே நற்கருணை வழிபாட்டுக்கான 1973இன் சடங்கு நூல் கணக்கு இது. பீடத்தில் விரித்த திருமேனித் துகில் (நற்கருணைக்கு அடியில் விரிக்கும் சிறு வெள்ளைத் துணி) மேல்தான் பாத்திரம் நிற்க வேண்டும். பூ அலங்காரம் என்ற பெயரில் திரிக்குப் பக்கத்தில் காய்ந்த இலையும் நெட் துணியும் வைக்கிறார்கள். இரவு ஆராதனையில் தீப்பிடிப்பது அங்கிருந்துதான். மூடிய சிற்றாலயம் என்றால் தூபக்கலத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள், புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் இருக்கும்.

துகில்களைத் துவைக்கும்போது முதல் அலசல் கையால். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. சக்ரிஸ்தியில் (வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையில்) அதற்கென்று உள்ள தொட்டியிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டும். பிறகு சாதாரணமாகத் துவைக்கலாம்.

மெழுகுதிரி:

நன்றி ஐயா. எங்கள் பங்குத்தந்தைக்கு மூன்று கிளைக்கோயில்கள். வாரந்தோறும் ஸ்தாபிக்கவும் ஆசீர் கொடுக்கவும் வரமுடியாது என்கிறார். குழுவில் ஒருவர் செய்யலாமா?

கானன்வாசி:

எண் 943. ஸ்தாபிப்பதும் ஆசீர் கொடுப்பதும் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியவை. சிறப்புச் சூழ்நிலையில் பீடப்பணியாளரோ, நன்மை வழங்க நியமனம் பெற்ற பொதுநிலையினரோ, ஆயர் அனுமதித்த வேறொருவரோ பேழையை (கோயிலில் நற்கருணையைப் பூட்டி வைக்கும் பெட்டியை) திறந்து நற்கருணையை ஸ்தாபிக்கலாம், முடிவில் திரும்ப வைக்கலாம். ஆசீர் மட்டும் கிடையாது. கதிர்ப்பாத்திரத்தைக் கையில் எடுத்து மக்கள் பக்கம் காட்டுவது, தோள்துகில் போட்டுக்கொள்வது, மௌனமாகச் சிலுவை வரைவது எதுவும் கூடாது. ‘சும்மா உயர்த்திக் காட்டினேன்’ என்பதும் ஆசீர் போலத்தான் தெரியும்.

இன்னொன்று, பங்குத்தந்தை வந்தாலும் ஆசீருக்காக மட்டும் ஐந்து நிமிடம் ஸ்தாபித்து மூடுவது தடைசெய்யப்பட்டது. வாசகம், பாட்டு, ஜெபம், மௌனம் இவற்றுக்குப் போதிய நேரம் இருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

ஸ்தாபகமே வேண்டாம் என்பேன், முதல் ஆறு மாதத்துக்கு. பூட்டிய பேழைக்கு முன் உட்கார்ந்து ஆராதிப்பதற்கு அனுமதியும் தேவையில்லை, ஆள் எண்ணிக்கையும் தேவையில்லை. யாராவது வராவிட்டால் எந்த விதியும் உடையாது. வழக்கமான நிபந்தனைகளோடு அரைமணி நேரம் ஆராதித்தால் கிடைக்கும் பரிபூரணப் பலன் (பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) கதிர்ப்பாத்திரத்தைக் கேட்பதில்லை. நற்கருணையைச் சந்தித்தால் போதும். கோயிலை தினமும் சில மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும் என்று எண் 937 சொல்கிறது. பூட்டியே கிடக்கிற கோயிலைத் திறந்து வைத்துக் காவல் இருப்பதே பங்குக்குப் பெரிய உதவி.

இரவுக்காவல்:

சட்டப்படி சரி. நடைமுறையில் பாதிதான் சரி. கதிர்ப்பாத்திரம் இல்லாத ஆராதனைக்குப் புதியவர்கள் வருவதில்லை. அவர்கள் கண்ணுக்கு அது ‘சும்மா திறந்திருக்கும் கோயில்’. 12 பேரும் 12 பேராகவே இருந்துவிடுவார்கள்.

இரண்டையும் கலந்து வையுங்கள். மாதத்தில் ஒரு வாரம் பங்குத்தந்தை ஸ்தாபித்து ஆசீரோடு முடிக்கட்டும், முதல் வெள்ளி ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற வாரங்களில் மூடிய பேழை.

ஏட்டுச்சுவடி:

அப்படியானால் எனக்கும் சம்மதம். அந்த முதல் வெள்ளி ஸ்தாபகத்தைத் திருப்பலியிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அந்தப் பலியில் அர்ச்சித்த அப்பத்தையே கதிர்ப்பாத்திரத்தில் வைத்து, நன்மைக்குப் பின் வரும் மன்றாட்டோடு, திருப்பலியின் நிறைவுச் சடங்கில்லாமல் நேரே ஆராதனைக்குப் போகலாம். ஆராதனை திருப்பலியிலிருந்து வருவது என்பதற்கு மக்களுக்குத் தனியாகப் பிரசங்கம் வேண்டியிருக்காது.

அதே கோயிலில் திருப்பலி நடக்கும்போது ஸ்தாபகம் இருக்கக்கூடாது (எண் 941). நாள் முழுக்க ஆராதனை வைத்துவிட்டு மாலைப் பூசையின்போது ‘ஓரமாக இருக்கட்டும்’ என்று பக்கப் பீடத்தில் கதிர்ப்பாத்திரத்தை விடுவது பல இடங்களில் நடக்கிறது. பேழையில் வைத்துவிட்டுத் திருப்பலிக்குப் பின் மீண்டும் ஸ்தாபியுங்கள். ஆள் குறைவான நேரத்தில் இடைவெளி விடுவதும் அப்படியே, ஆனால் நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் அப்படி எடுத்து வைக்கக்கூடாது.

கானன்வாசியிடம் ஒன்று. எண் 301 ‘பொது வழிபாட்டை வளர்ப்பது’ ஆயர் நிறுவிய சபைக்கே உரியது என்கிறது. நற்கருணை ஆராதனை பொது வழிபாடுதானே? அப்படியென்றால் இவர்கள் தனியார் சபையாகவே இருக்க முடியாது, நேரே பொதுச் சபைதான். உங்கள் இரண்டாம் படி எங்கே நிற்கிறது?

கானன்வாசி:

நியாயமான கேள்வி. எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ‘நற்கருணை ஆராதனையை நடத்துவது’ என்று நோக்கத்தில் எழுதினால் எண் 301க்குள் விழுகிறது, தனியார் சபை அந்த நோக்கத்தை எடுத்துக்கொள்ள முடியாது (எண் 299). ‘பங்கில் பங்குத்தந்தை ஏற்பாடு செய்யும் ஆராதனையில் உறுப்பினர் பங்கேற்பது, பிறரை அழைப்பது, வருகை அட்டவணையைக் கவனிப்பது’ என்று எழுதினால் வழிபாட்டை நடத்துவது பங்கு. சபை ஆள் சேர்க்கிறது. இது சொல் விளையாட்டு இல்லை, உண்மையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். பங்குத்தந்தை இல்லாத நாளில் குழுத்தலைவரே நேரத்தை மாற்றுவது, ஸ்தாபகத்தை நீட்டுவது என்றால் எழுத்தில் தனியார் சபை, செயலில் வேறு.

பொதுச் சபையாவதில் தவறில்லை. ஆனால் அங்கே ஆன்ம இயக்குநரை ஆயர் நியமிப்பார், தலைவர் தேர்வை அவர் உறுதிசெய்வார் (எண் 317), சொத்துக் கணக்கை ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும் (எண் 319). 12 பேருக்கு அது பெரிய சுமை. தனியார் சபை தன் ஆன்ம ஆலோசகரை மறைமாவட்டத்தில் பணிபுரியும் குருக்களிலிருந்து தானே தேர்ந்துகொள்ளலாம், ஆயரின் உறுதிப்பாடு மட்டும் போதும் (எண் 324).

மருந்துப்பெட்டி:

நோயாளர் நன்மை பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை. அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

நியமனம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சிறிய மூடியுள்ள நற்கருணைச் சிமிழ், அதை வைக்கத் துணிப்பை, கழுத்தில் தொங்கும் கயிறு. சட்டைப்பையில் கைப்பேசியோடு சேர்த்துப் போடுவது வேண்டாம். போகிற வீடுகளை முதல்நாளே தொலைபேசியில் உறுதிசெய்து அத்தனை அப்பம் மட்டும் எடுங்கள். பேழையிலிருந்து நேரே வீட்டுக்கு. வழியில் காய்கறி வாங்குவது, பேச்சுக்கு நிற்பது, வண்டியில் பாட்டு, எதுவும் இல்லை. யாராவது மருத்துவமனைக்குப் போய்விட்டால் அந்த அப்பம் அன்றே பேழைக்குத் திரும்ப வேண்டும். ‘நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்’ என்று வீட்டில் வைப்பதற்கு இடமே இல்லை. மேய்ப்புத் தேவை இல்லாமல் யாரும் நற்கருணையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது (எண் 935).

வீட்டில் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, ஒரு திரி, ஒரு டம்ளர் தண்ணீர். வாழ்த்து, பாவமன்னிப்பு வழிபாடு, சிறு வாசகம், பரலோக மந்திரம், ‘இதோ இறைவனின் செம்மறி’, நன்மை, சற்று மௌனம், இறுதி மன்றாட்டு. 15 நிமிடம் ஆகும். முடிவில் ‘உங்களை’ என்று கைநீட்டி ஆசீர் கொடுக்கக்கூடாது. ‘ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக’ என்று சொல்லித் தன்மேல் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதுதான் பொதுநிலையினருக்கு உரியது.

கவனிக்க வேண்டியது விழுங்குவது. பக்கவாதம் வந்தவர், மறதிநோய் முற்றியவர், மருந்து மயக்கத்தில் இருப்பவர், இவர்களுக்கு உலர்ந்த அப்பம் தொண்டையில் சிக்கும். முதலில் பார்த்துக்கொள்பவரிடம் ‘தண்ணீர் தாராளமாகக் குடிக்கிறாரா, இருமல் வருகிறதா’ என்று கேளுங்கள். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். நகக்கண் அளவு துணுக்கு போதும், முழுக் கிறிஸ்து அதிலும் இருக்கிறார். கொடுத்துவிட்டு உடனே ஒரு மிடறு தண்ணீர்; தண்ணீரிலேயே புரை ஏறுகிறவர் என்றால் அதையும் கொடுக்காமல் மருத்துவம் தெரிந்தவரைக் கேளுங்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லாமல், பேச்சுக் கொடுத்தபடி உள்ளே போனதா என்று பாருங்கள். கன்னத்தில் அப்படியே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அப்பமே இறங்காது என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இரச வடிவில் மட்டும் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு (எண் 925), அதை அவர் ஏற்பாடு செய்வார்.

துப்பிவிட்டால் பதறாதீர்கள். சுத்தமான துணியில் எடுத்துக்கொண்டு, கோயிலில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு முழுக்கக் கரைந்த பிறகு மண்ணில் ஊற்றலாம். குப்பைக்கூடைக்கோ கழிப்பறைக்கோ ஒருபோதும் போகக்கூடாது.

ஒரு மணி நேர நோன்பு முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் கட்டாயமில்லை (எண் 919). கஞ்சி குடித்துவிட்டதால் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் பாட்டிகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனம் வேண்டும் என்றாலோ, நிலைமை மோசமாகத் தெரிந்தாலோ அந்த வாசலிலிருந்தே பங்குத்தந்தைக்குத் தொலைபேசுங்கள். நோயில்பூசுதல் குருவின் கையில்தான்.

இருவராகப் போங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் ஒருவராக நுழைவது இரண்டு பக்கத்துக்கும் நல்லதல்ல. ஒரு முற்பகலில் நான்கு வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஐந்தாவது வீட்டில் அவசரம் முகத்தில் தெரிந்துவிடும்.

தாளம்:

ஒரு மணி நேர ஆராதனையை எப்படிப் பிரிப்பது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கே போனாலும் 60 நிமிடமும் ஒலிபெருக்கியில் பாட்டும் சத்தமான துதியும்தான். அது தவறா? இளைஞர்கள் அதற்குத்தான் வருகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:

தவறு என்று சொல்லவில்லை. ஆனால் மௌனத்துக்கு இடமில்லாத ஆராதனை சடங்கு நூல் காட்டும் ஆராதனையும் இல்லை. ஒரு வடிவம் தருகிறேன்: ஸ்தாபகமும் பாட்டும் 5 நிமிடம், நற்செய்தி வாசகம் 5, மௌனம் 20, செபமாலையின் ஒரு பத்தோ மன்றாட்டோ 10, மீண்டும் மௌனம் 10, பாட்டு, தூபம், ஆசீர், திரும்ப வைத்தல் 10. நற்கருணை முன் செபமாலை சொல்லலாம், அதைத் தடுக்கிறவர்கள் 2004 அறிவுரையின் எண் 137ஐப் படிக்கட்டும். ஒலிபெருக்கி வாசகத்துக்கு மட்டும்.

முதல் இரண்டு மாதம் 20 நிமிட மௌனம் இருமலும் நாற்காலிச் சத்தமுமாக இருக்கும். 10இல் தொடங்கி ஏற்றுங்கள்.

‘குணமளிக்கும் ஆராதனை’ என்று சுவரொட்டி அடிக்கும் ஆசை வரும். 2000ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குணமளிக்கும் செபங்கள் பற்றி அறிவுரை கொடுத்திருக்கிறது: வழிபாட்டையும் தன்னிச்சையான செபக்கூட்டத்தையும் குழப்பக்கூடாது, மிகை உணர்ச்சிக்கும் நாடகத்தனத்துக்கும் பரபரப்புக்கும் இடம் தரக்கூடாது. கதிர்ப்பாத்திரத்தைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் ஒவ்வொருவர் தலையிலும் வைப்பதெல்லாம் எங்கிருந்து வந்த பழக்கமோ!

மருந்துப்பெட்டி:

ஒரு முழங்காலா, இரண்டா என்று ஒரு சண்டை வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சடங்கு நூல்படி ஸ்தாபித்த நற்கருணைக்கும் ஒரு முழங்கால்தான். இரண்டையும் மடிப்பவரைத் திருத்தப் போகாதீர்கள். முட்டிவலிக்காரர் தலைவணங்கினால் அதையும் கேட்காதீர்கள்.

மெழுகுதிரி:

பணம்? ஒருவர் புதுக் கதிர்ப்பாத்திரம் வாங்க வசூல் தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் மாதச் சந்தா, திருப்பலிக் கருத்துகளும் (இன்னாருக்காகத் திருப்பலி வேண்டும் என்று காணிக்கையோடு தரும் விண்ணப்பங்கள்) வாங்கி அனுப்பலாம் என்கிறார்.

கானன்வாசி:

மூன்றுக்கும் இப்போதைக்கு ‘இல்லை’. திருச்சபை நோக்கத்துக்காகத் தனியார் யாரும் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வசூலிக்கக்கூடாது. சொந்த ஆயரின் அனுமதியும் வசூல் நடக்கும் இடத்து ஆயரின் அனுமதியும் வேண்டும் (எண் 1265). வாட்ஸ்அப்பில் வங்கி எண் போடுவதும் வசூல்தான். திருப்பலிக் காணிக்கைக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கருத்துக்கும் தனித் திருப்பலி கடன் (எண் 948). கணக்கு ஒன்று பிசகினாலும் அது நீதிக் குற்றம். அதைக் குரு நேரே வாங்கட்டும்.

திரி, தூபம், சாம்பிராணிக்குப் பங்கு அலுவலகத்தில் ரசீதோடு கொடுங்கள். குழுவுக்குத் தனிப் பெட்டியே வேண்டாம். பெட்டி இல்லாத குழுவில் பொருளாளர் பதவிக்குச் சண்டை வராது.

மெழுகுதிரி:

பங்குத்தந்தைக்கு ஒரு பக்கம் எழுதினேன். சுருக்கம்:

“பெயர்: நற்கருணைக் குழு. நோக்கம்: நற்கருணைப் பக்தியைப் பரப்புதல், ஆராதனை நடத்துதல், நோயாளருக்கு நற்கருணை வழங்குதல், மறைபோதனை. தலைவர்: நிறுவனர். உறுப்பினர்: நல்ல கத்தோலிக்கர்.”

கானன்வாசி:

நல்ல தொடக்கம், ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஆயரகம் ஒரு கேள்வி கேட்கும். எண் 304 கேட்பவை: பெயர், நோக்கம், இருப்பிடம், ஆட்சிமுறை, சேரும் நிபந்தனை, செயல்படும் விதம். அதை வைத்துத் திருத்தித் தருகிறேன்.

“நோக்கம்: உறுப்பினர் ஞாயிறு திருப்பலியிலும், இயன்ற வார நாள் திருப்பலியிலும் பங்கேற்று, பங்கில் நடைபெறும் நற்கருணை ஆராதனையில் வாரம் ஒரு மணி நேரம் செலவிடுதல், பிறரை அதற்கு அழைத்தல், பங்குத்தந்தை கேட்கும்போது நோயாளர் பட்டியலைத் தயாரித்து உதவுதல், மறைக்கல்விப் பொறுப்பாளரின் வழிகாட்டுதலில் பெற்றோர் வகுப்புக்கு உதவுதல். இருப்பிடம்: பங்குக் கோயில். உறுப்பினர்: திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்று, 18 வயது நிரம்பி, மூன்று மாதம் தொடர்ந்து ஆராதனை மணிக்கு வந்தவர். விலகல்: காரணம் சொல்லாமல் எட்டு வாரம் வராதவரின் இடம் காலியாகும். ஆட்சி: ஒருங்கிணைப்பாளர், மாற்று ஆள்களுக்கான பொறுப்பாளர், பதிவேட்டுப் பொறுப்பாளர், இரகசிய வாக்கில் மூன்று ஆண்டுக்கு, தொடர்ந்து இருமுறைக்கு மேல் இல்லை.”

‘வழங்குதல்’ போய் ‘உதவுதல்’ வந்ததைக் கவனியுங்கள். நியமனம் பெற்ற உறுப்பினர் இருந்தால் அவர் அந்த நியமனத்தின் பேரில் போகிறார், குழுவின் பேரில் அல்ல.

‘தலைவர்: நிறுவனர்’ என்பதைக் கட்டாயம் எடுங்கள். 2021 ஜூனில் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வுக்கான திருப்பீடத் துறை அனைத்துலகச் சபைகளின் மையப் பொறுப்பாளருக்கு ஒரு தவணை 5 ஆண்டு, தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் இல்லை என்று ஆணையிட்டது. பங்குக் குழுவை அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஏன் அப்படி ஆணையிட நேர்ந்தது என்பது எந்தப் பங்குக்கும் தெரியும்.

இரவுக்காவல்:

பொதுநிலையினர் என்று கூச்சப்பட வேண்டாம். 1881இல் பிரான்சின் லீல் நகரில் கூடிய முதல் அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்குப் பின்னால் பல ஆண்டு அலைந்து ஆயர்களைச் சம்மதிக்க வைத்தவர் எமிலி தமிசியே என்ற பொதுநிலைப் பெண்.

பதிவேடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுப் போட்ட நோட்டு, வாசல் மேசையில். தேதி, மணி, கையெழுத்து, வெளியேறிய நேரம். அடுத்தவர் வந்து கையெழுத்திடும் வரை இருப்பவர் எழுந்திருக்கக்கூடாது. 10 நிமிடம் தாண்டினால் மாற்று ஆள் பொறுப்பாளருக்கு அழைப்பு, அவரும் எடுக்காவிட்டால் ஸ்தாபிக்க அனுமதி பெற்றவருக்கு. இந்த மூன்று எண்களும் நோட்டின் உள் அட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ‘யாராவது வாங்க’ என்று போட்டால் 80 பேர் பார்ப்பார்கள், 80 பேரும் வேறு யாரோ போவார்கள் என்று விடுவார்கள்.

மெழுகுதிரி:

கடைசியாக ஒன்று. பேழையின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு நகல் இருந்தால் வசதி என்கிறார்கள்.

கோயில்பிள்ளை:

நகல் வேண்டாம். எண் 938, சாவியை மிகுந்த கவனத்தோடு காக்க வேண்டியவர் கோயில் பொறுப்பிலிருப்பவர் என்கிறது. சக்ரிஸ்தியில் பூட்டிய அலமாரி, அதற்குள் பேழைச் சாவி. எடுக்கிற ஒவ்வொரு தடவையும் பெயரும் நேரமும் எழுதும் சீட்டு அலமாரிக் கதவின் உட்புறம். அலமாரியின் சாவி பங்குத்தந்தையிடமும், ஸ்தாபிக்க அனுமதி பெற்றவர் ஒருவரிடமும் மட்டும். பேழையிலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போகிற பழக்கம், பூந்தொட்டிக்கு அடியில் மறைத்துவைக்கிற பழக்கம் இரண்டும் இருந்தால் ஆராதனை தொடங்குமுன் அதை நிறுத்துங்கள். அனுமதி பெற்றவர் ஊருக்குப் போகும்போது சாவி பங்குத்தந்தையிடம் திரும்ப வேண்டும், அவர் வீட்டுக்காரரிடம் அல்ல.